குதிருக்குள் ஒரு ரேடியோ

போன மாதம் செட்டிகுளம் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்து வீட்டில், பரணைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று ஏறினேன். (ஏற்றப்பட்டேன் என்பதே சரி. என் மனைவி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் இறங்கிவிடாதபடி!) ஓட்டை அரிக்கேன் விளக்கு, கைப்பிடி போன வாளி, அரசாங்கம் கொடுத்த இலவச கலர் டி.வி.யின் அட்டைப்பெட்டி... எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்னப் புத்தகம். போஸ்டாபீஸ் சேமிப்புக் கணக்கு மாதிரியே இருந்தது. தாத்தா யாருக்கும் தெரியாமல் ஏதோ போட்டு வைத்திருக்கிறார் என்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வட்டிக்கு வட்டி கூட மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

பிரித்தால், ரேடியோ லைசென்ஸ்!

இன்றைய இளைஞர்கள் சிரிப்பார்கள். பைக்குக்கு லைசென்ஸ் இருக்கலாம், துப்பாக்கிக்கு இருக்கலாம், பாட்டுக் கேட்பதற்கு எதற்கு சார் லைசென்ஸ் என்பார்கள். அன்றைக்கு இருந்தது. 1885-ம் வருடத்துத் தந்திச் சட்டத்தின் கீழ், வீட்டில் ரேடியோ வைத்திருப்பவர் போஸ்டாபீஸில் வருடா வருடம் பணம் கட்டி, இந்தப் புத்தகத்தில் ஸ்டாம்ப் ஒட்டி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். ரேடியோவுக்கு 15 ரூபாய். டி.வி. வைத்திருக்கும் மகானுபாவர்களுக்கு 50 ரூபாய். கட்டாதவர்களைப் பிடிக்க இன்ஸ்பெக்டர் வருவார்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். நான் அப்போது மூன்றாம் கிளாஸ். தெருமுனையில் சைக்கிள் தெரிந்ததுமே தாத்தா டிரான்சிஸ்டரைத் தூக்கி நெல் குதிருக்குள் போட்டு மூடிவிட்டு, கொல்லைப்பக்கம் காணாமல் போய்விட்டார். பாட்டிதான் வாசலில் நின்று சமாளித்தாள்.

"எங்க வீட்ல ரேடியோவே இல்லீங்களே..."

'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்பது பழமொழி. எங்கள் வீட்டில் அது நிகழ்ச்சி. அவசரத்தில் தாத்தா ஆஃப் செய்வதற்குப் பதிலாக சத்தத்தை மட்டும்தான் குறைத்திருந்தார். சாயங்கால நேரம். திருச்சி வானொலியின் 'வயலும் வீடும்' ஆரம்பித்துவிட்டது. குதிருக்குள்ளிருந்து ஒரு கனமான குரல், பூச்சி மருந்து அடிக்கும் அளவைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "பாட்டி, உங்க வீட்டு நெல்லு நல்லா விவரமா பேசுது. திங்கக்கிழமை போஸ்டாபீஸ் போய்க் கட்டிடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் தாத்தா ஒரு வருஷம் கூட விடவில்லை. புத்தகத்தில் முத்திரை முத்திரையாக விழுந்து கிடக்கிறது.

விஷயம் அதோடு முடியவில்லை. காசு கட்ட ஆரம்பித்ததும் தாத்தாவின் தோரணையே மாறிவிட்டது. அதுவரை ரேடியோ சொல்வதை வாய் பொத்திக் கேட்டவர், பதில் பேச ஆரம்பித்தார். திருச்சி வானொலிக்குக் கார்டு போடுவார். "கரம்பைப் பூமிக்குச் சொல்லுகிறீர்கள், எங்கள் வெங்காயக் காட்டுக்கு எப்போது சொல்வீர்கள்? நானும் வருடம் 15 ரூபாய் கட்டுகிறேன்" என்று எழுதுவார். ஒருநாள் அந்தக் கார்டை ரேடியோவில் படித்தே விட்டார்கள்! அடுத்த வாரம் வெங்காயத்துக்கு ஒரு பேச்சு வந்தது. ஊரே எங்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டது. தாத்தா ஏதோ தானே டெல்லிக்குப் போய்ச் சட்டம் போட்டுவிட்டு வந்த மாதிரி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த நாளில் அந்த ரேடியோவுக்கு அப்படியொரு பலம் இருந்தது. 1960-களில் ஆடுதுறை 27 என்று ஒரு புது நெல் வந்தது. திருச்சி வானொலியில் அதைப் பற்றிக் கேட்டுத்தான் தஞ்சாவூர் ஜில்லா விவசாயிகள் பயிரிட்டார்கள். நெல்லுக்கு அவர்கள் வைத்த பெயரே 'ரேடியோ நெல்'. எந்த விதைக் கம்பெனிக்காரனும் காசு கொடுத்து அந்தப் பெயரை வாங்கவில்லை.

பிறகு டி.வி. வந்தது. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-ம் தேதி தூர்தர்ஷன் தொடங்கியது. எங்கள் பக்கம் வந்து சேர அதற்கப்புறம் பல வருஷங்கள் ஆயின. எங்கள் ஊரில் முதல் டி.வி. பஞ்சாயத்து டி.வி.தான். இரும்புக் கதவு போட்ட ஒரு சின்ன அறை, எதிரே மண் தரை. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' என்றால் இடம் பிடிக்க மத்தியானமே துண்டு போட்டுவிடுவோம். ஆனால் 'வயலும் வாழ்வும்' வந்தால் கூட்டத்தில் பாதி எழுந்து போகும். மீதிப் பாதி எழுந்து போகாமல் முன்னால் நகரும். அந்த மீதிப் பாதிக்குக் காடு கரை இருந்தது.

இதற்கிடையில் 1980-களின் நடுவே மத்திய அரசு லைசென்ஸ் கட்டணத்தையே எடுத்துவிட்டது. வசூலாகிற தொகை, ஆகிற செலவில் ஒரு மூலைக்குக்கூடக் காணவில்லை. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், விளம்பரம் வந்துவிட்டது. 1976-லேயே தூர்தர்ஷனில் விளம்பரம் தலைகாட்டியது. 1984-ல் 'ஹம் லோக்' என்ற தொடருக்கு ஸ்பான்சர் கிடைத்தது. 1987-ல் ராமாயணம் வந்தபோது, ஒரு வார்த்தை இந்தி தெரியாத எங்கள் பாட்டிகூட ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். (இந்தி புரியாவிட்டால் என்ன, கதை தெரியுமே!) ராமருக்கு முன்னால் சோப்பும் சோப்புக்குப் பின்னால் ராமரும் வந்து போனார்கள்.

இனிமேல் காசுக்குப் பஞ்சமில்லை, எதற்கு ஏழை பாழையிடம் 15-ம் 50-மாக வாங்கிக்கொண்டு என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். தாத்தா மட்டும் சந்தோஷப்படவில்லை. "இனிமே கார்டு போட்டா மதிப்பானாடா?" என்றார். அப்போது எனக்குப் புரியவில்லை.

பரணிலிருந்து இறங்கியதிலிருந்து இதுவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான் குடியிருப்பது பெரம்பலூர், ஆபீஸ் அரியலூர். தினம் பஸ்ஸில் முன்னால் சிமெண்ட் லாரி, பின்னால் சிமெண்ட் லாரி. நடுவில் பேசுவதைத் தவிர வேறு கதி கிடையாது. புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய் ஹெட்கிளார்க்கிடம் காட்டினேன். அவர் இந்த மாதிரி விஷயத்தில் சட்டப் புத்தகமே வைத்திருப்பவர்.

"சார், இன்னிக்கு தூர்தர்ஷனுக்கு யார் காசு கொடுக்கிறா?"

"யாரு, கவர்ன்மெண்ட்டு."

"கவர்ன்மெண்ட்டுக்கு?"

"நாமதான்."

அவர் சொன்ன கதையைச் சுருக்கித் தருகிறேன். எமர்ஜென்சியில் ரேடியோவும் டி.வி.யும் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் வந்த ஆட்சியில் வர்கீஸ் கமிட்டி போட்டார்கள். இவற்றைத் தன்னாட்சியாக விட்டுவிட வேண்டும் என்றது கமிட்டி. 1990-ல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. நிறைவேறி, ஏழு வருடம் தூங்கியது. 1997 நவம்பர் 23-ம் தேதிதான் பிரசார் பாரதி பிறந்தது. (சரியாகப் பத்து வருடம் கழித்து, 2007-ல் அதே நவம்பர் 23-ல்தான் அரியலூர் மாவட்டமும் பிறந்தது. அதாவது மறுபடி பிறந்தது. 2001-ல் பெரம்பலூரிலிருந்து தனிக்குடித்தனம் போய், 2002-ல் திரும்பி வந்து, 2007-ல் மறுபடி மூட்டை கட்டிய மாவட்டம் அது. தனிக்குடித்தனத்தின் கஷ்டம் அரியலூர்க்காரர்களுக்குத் தெரியும்.)

அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பதினேழாவது. பிரசார் பாரதிக்கு மத்திய அரசு என்னென்ன பணம் தரலாம் என்று சொல்கிற பிரிவு. முதலாவதாக என்ன போட்டிருக்கிறது தெரியுமா? வானொலி, தொலைக்காட்சி லைசென்ஸ் கட்டண வசூல், 'இருந்தால்'!

நானும் அவரும் அந்த 'இருந்தால்' என்ற வார்த்தைக்காக ஒரு ஸ்டாப்பிங் தூரம் சிரித்தோம். கட்டணத்தை எடுத்து நாலைந்து வருடம் ஆனபிறகு எழுதின சட்டம் அது. 'மாமனார் சீர் செய்தால், அதை வைத்துக் குடும்பம் நடத்தவும்' என்று எழுதின மாதிரி. அதற்கு அடுத்த வரி, அரசு தேவை என்று கருதுகிற இதர தொகைகள். அந்த அடுத்த வரியில்தான் முப்பது வருஷமாகக் குடித்தனம் நடக்கிறது. தனிக்குடித்தனம் என்று பெயர், அரிசி அப்பா வீட்டிலிருந்து. அப்பா வீட்டு அரிசியைத் தின்றுகொண்டு அப்பாவை எப்படி எதிர்த்துப் பேசுவது? எந்தக் கட்சி டெல்லியில் இருந்தாலும் செய்தி எப்படி ஆரம்பிக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரிப்பன் வெட்டுகிற கை மட்டும்தான் மாறும்.

சம்பளத்தை அரசு கொடுத்துவிடுகிறது. நிகழ்ச்சி எடுக்கிற செலவைத் தூர்தர்ஷன் தானே சம்பாதிக்க வேண்டும். விளம்பரம் உண்டு. 'ஃப்ரீ டிஷ்' என்று 2004-ல் ஆரம்பித்த இலவச டிஷ்ஷில் தனியார் சேனல்களுக்கு இடத்தை ஏலம் விட்டும் நல்ல வருமானம் வருகிறது. சொந்த வீட்டில் எல்லா அறைகளையும் வாடகைக்கு விட்டுவிட்டு, வீட்டுக்காரர் திண்ணையில் படுத்திருக்கிற மாதிரி. அந்த வாடகைக்காரர்களிலும் தமிழ் சேனல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"ஆண்டுக்கு பட்ஜெட்ல 2,500 கோடி ரூபாய்க்கு மேல ஒதுக்கறான்யா" என்றார் ஹெட்கிளார்க்.

2,500 கோடியை 140 கோடி ஜனங்களுக்கு வகுத்தேன். பஸ் குலுங்கியதில் முதல் தடவை 180 வந்தது. மறுபடி போட்டதில் சுமார் 18 ரூபாய். தலைக்கு, வருஷத்துக்கு. ஒரு டீயும் அரை வடையும். 2019-ல் கேபிளுக்கு அடிப்படைக் கட்டணம் மாதம் 130 ரூபாய் என்று நிர்ணயித்தார்களே, வரியோடு 153 ரூபாய் 40 காசு, அது வருஷத்துக்கு 1,840 ரூபாய். லண்டன்காரன் பி.பி.சி.க்காக 2025 ஏப்ரல் கணக்குப்படி வீட்டுக்கு 174 பவுண்ட் 50 பென்ஸ் கட்டினான். நம் காசுக்குச் சுமார் 20 ஆயிரம். நம் தாத்தா காலத்து லைசென்ஸ் அங்கே அவ்வளவு கொழுத்து வளர்ந்திருக்கிறது.

பின் சீட்டிலிருந்து எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி எட்டிப் பார்த்தார். "அந்த 18 ரூபாயும் எதுக்கு சார்? யாரு சார் இப்ப டி.வி. பாக்குறா? எல்லாம் போன்ல ஃப்ரீயா வருது."

அதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார். அவர் ஆரம்பத்திலிருந்தே காது கொடுத்துக்கொண்டிருந்தார். "சார், நான் காசு வாங்கிட்டு டிக்கெட் கொடுக்கலைன்னா செக்கிங் வந்து என்னை இறக்கிருவான். இவங்க வருஷா வருஷம் 18 ரூவா எடுத்துக்கிட்டு டிக்கெட்டே கொடுக்கலையே, இது எந்த ஊரு நியாயம்?"

பஸ்ஸில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தாத்தா கவலைப்பட்டதும் அந்த டிக்கெட்டைப் பற்றித்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. 15 ரூபாயை விட, கையிலிருந்த புத்தகம்தான் அவரைக் கார்டு போட வைத்தது.

"சரி, என்ன பண்ணலாங்கறே?" என்றார் ஹெட்கிளார்க்.

நான் என் யோசனையைச் சொன்னேன். ஈ.பி. பில்லோடு வாங்கிவிடலாம். வீட்டுக்கு நாலு பேர் என்றால் வருஷத்துக்கு 72 ரூபாய். இரண்டு மாதத்துக்கு ஒரு பில், ஆக பில்லுக்கு 12 ரூபாய். 100 யூனிட்டுக்குள் எரித்து பில்லே வராத வீட்டுக்கு இதுவும் கிடையாது. தனியாக 'டி.வி., ரேடியோ' என்று ஒரு வரி போட வேண்டும். பணம் எந்த மந்திரியின் மேஜை மேலும் ஏறாமல் நேராகப் போக வேண்டும். போன வருஷம் என்னென்ன எடுத்தோம், எவ்வளவு ஆயிற்று என்று பில்லின் பின்பக்கம் அச்சடிக்க வேண்டும். இத்தாலியில் 2016-லிருந்து கரண்ட் பில்லோடுதான் வாங்குகிறார்கள்.

"நடக்காது" என்றார் அவர் கூசாமல். "ஈ.பி. மாநிலம், தூர்தர்ஷன் மத்தி. உன் வசூலை நான் ஏன் பண்ணித் தரணும்பான். அப்புறம், 12 ரூபா ஏறிச்சுன்னு தேர்தல்ல எவனாவது ரத்து பண்றேம்பான். பிரான்ஸ்லயே 2022-ல ரத்து பண்ணிட்டான், தெரியுமா? அதுக்குப் பதிலா விளம்பரத்துல பொழைச்சுக்கட்டும்."

அவர் சொன்னதில் முதல் இரண்டுக்கும் என்னிடம் சரியான பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரான்ஸ் போலவே ரத்து செய்துவிட்டு வரிப்பணத்திலிருந்து கொடுக்கலாம்தான். ஆனால் கொடுக்கிற கை, எப்போது வேண்டுமானாலும் மூடிக்கொள்கிற கை. அமெரிக்காவில் பொது டி.வி.க்கும் ரேடியோவுக்கும் ஏற்கெனவே ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை 2025 ஜூலையில் ஒரு ஓட்டெடுப்பில் பிடுங்கிக்கொண்டார்கள். நம்மூரில் எதற்கும் குறைச்சலில்லை பாருங்கள். 2006-லிருந்து 2011 வரை தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் கலர் டி.வி.களை இலவசமாகக் கொடுத்தார்கள். 2011-ல் அரசு கேபிளை 70 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். பெட்டிக்கு ஆள் இருந்தார்கள், ஒயருக்கு ஆள் இருந்தார்கள். பெட்டிக்குள் என்ன வர வேண்டும் என்பதற்கு மட்டும் எந்தக் கட்சியும் ஓட்டுக் கேட்டதில்லை.

ஆனால் மூன்றாவது யோசனை, விளம்பரத்தில் பிழைக்கட்டும் என்பது, அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஒரு ஏக்கர் பதில். என் சித்தப்பா.

சித்தப்பாவுக்குச் சின்ன வெங்காயம்தான் உயிர். தமிழ்நாட்டிலேயே சின்ன வெங்காயத்துக்குப் பெயர்போன பூமி எங்களுடையது. போன பட்டத்தில் பயிர் நன்றாக வந்துகொண்டிருந்தபோது தாள் முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தது. திருகல் நோய் என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும், பயம். பேரன் போனில் ஒரு வீடியோ காட்டினான். பச்சை வயல் நடுவில் நின்று ஒருவர் அருமையாகப் பேசினார். இந்தக் குறிப்பிட்ட மருந்தை வாங்கி, இத்தனை மில்லி கலந்து, இத்தனை தடவை அடியுங்கள், மூன்றே நாளில் நிமிர்ந்துவிடும் என்றார். கீழேயே போன் நம்பர். கூரியரில் மருந்து வந்தது. சித்தப்பா அடித்தார். மூன்று நாள் கழித்து இன்னொரு மருந்து. பயிர் நிமிரவில்லை, சித்தப்பாதான் சாய்ந்தார். விதை வெங்காயம் வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். காட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த வீடியோக்காரனுக்கு யாருடா காசு கொடுக்கிறா?" என்றார் திடீரென்று.

"மருந்து விக்கிறவங்கதான் சித்தப்பா."

"நான் ஓசியிலல்ல பாக்குறோம்னு நெனச்சேன்."

கையில் ஒரு முறுக்கிய தாளை வைத்து நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். திருகல் நோய்க்கு முதலில் செய்ய வேண்டியது மருந்து அடிப்பது அல்ல, நல்ல விதை, வடிகால், ஒரே காட்டில் வெங்காயத்துக்கு மேல் வெங்காயம் போடாமல் பயிரை மாற்றுவது என்று பிற்பாடு விவசாய ஆபீஸர் சொன்னாராம். அதைச் சொல்கிற நிகழ்ச்சிக்கு எந்தக் கம்பெனி ஸ்பான்சர் செய்யும்? மருந்து வாங்காதே என்று சொல்ல மருந்துக் கம்பெனி காசு கொடுக்குமா? வடிகால் வெட்டுகிற மண்வெட்டிக்கு விளம்பரம் பார்த்திருக்கிறீர்களா?

நான் பையிலிருந்து தாத்தாவின் லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். தன் அப்பாவின் பெயர் எழுதியிருந்த பக்கத்தைச் சித்தப்பா ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார். குதிர்க் கதையைச் சொல்லிச் சிரித்தார். அன்றைக்குக் கொல்லைப்பக்கம் ஓடிய தாத்தாவோடு அவரும் ஓடினாராம், இத்தனை வருஷமாக இது எனக்குத் தெரியாது. பிறகு பஸ்ஸில் போட்ட கணக்கைச் சொன்னேன். தலைக்கு 18 ரூபாய் என்றேன்.

"நானும் கட்டுறேனா?"

"நீங்க தீப்பெட்டி வாங்கினாலும் வரி இருக்கே சித்தப்பா. கட்டுறீங்க."

"எத்தனை வருஷமா?"

"லைசென்ஸை எடுத்ததுலேருந்து கணக்குப் போட்டா, நாப்பது வருஷமா ஏதோ ஒரு தொகை கட்டிக்கிட்டுத்தான் இருக்கீங்க."

சித்தப்பா எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். உள்ளே போய்ப் பேத்தியின் ஸ்கூல் பையிலிருந்து பேனாவை எடுத்து வந்தார். போஸ்ட் கார்டு இன்னும் 50 காசுதானா என்று கேட்டார். பொதிகை என்ற பெயரை 2024 ஜனவரியில் 'டிடி தமிழ்' என்று மாற்றிவிட்டார்கள், அட்ரஸ் அதே சிவானந்தா சாலை, சென்னை 5 தான் என்றேன். திருகல் நோயைப் பற்றி, மருந்து விற்காத ஒரு ஆளைக் கூட்டி வந்து பேச வைக்கவும் என்று எழுதினார். கீழே கையெழுத்துக்குப் பக்கத்தில், 'வருடம் ரூபாய் 18 தவறாமல் கட்டி வரும் நேயர்' என்று எழுதி, அதற்கு அடியில் இரண்டு கோடு போட்டார்.

கார்டு போட்டு இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. காலையில் போஸ்ட்மேன் வரும் நேரத்துக்குச் சித்தப்பா காட்டுக்குப் போகாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பதாகச் சித்தி போனில் அலுத்துக்கொண்டாள்.